பட்டியலில் ஆறு பேர், ஒரே ஒரு பெண்: அத்லெட்டிக் டைரக்டர் தேர்வுக் குழுவில் நான் என்ன பேசுவது?

பொருநைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்ல முடியாது. தேர்வு விஷயம் என்பதால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்சிஏஏ-வின் மூன்றாவது டிவிஷனில். சனிக்கிழமை டிவியில் ஓடுகிற பெரிய அமெரிக்க ஃபுட்பால் உலகம் வேறு, இது வேறு. விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. பிள்ளைகள் படிப்பார்கள், சாயங்காலம் பயிற்சிக்குப் போவார்கள், வார இறுதியில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வருவார்கள். 21 அணிகள். எங்கள் மாணவர்களில் மூன்றில் ஒருவர் ஏதாவது ஓர் அணியில் இருக்கிறார். அதனால் அத்லெட்டிக் டைரக்டர் பதவி எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. ஏ.டி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். எந்தக் கோச்சை வைப்பது, எந்த அணிக்கு எவ்வளவு பணம், யாருக்கு எந்த நேரத்தில் மைதானம், எல்லாம் அவர் கையெழுத்தில்தான் நடக்கிறது.

நான் இதற்குள் வந்தது ஒரு மாணவியால். ஆறு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டைட்ரேஷன் தேர்வு எழுத ஒரு பெண் வந்தாள். வாலிபால் அணி. முழங்காலில் ஐஸ் பையைப் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டியிருந்தாள். பஸ் வந்து சேர்ந்தபோது இரவு இரண்டு மணியாம். அன்று பியூரெட்டைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆண்கள் அணி அதே ஊருக்குப் போன வாரம் அங்கேயே ஹோட்டலில் தங்கிவிட்டு வந்ததை அவள்தான் சொன்னாள், புகாராகக்கூட இல்லை, பேச்சுவாக்கில். நான் போய் விசாரித்தேன். அடுத்த வருடம் ஃபேகல்டி அத்லெட்டிக்ஸ் ரெப் (விளையாட்டு விஷயங்களில் ஆசிரியர்களின் பிரதிநிதி) பொறுப்பு காலியானபோது நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். (என்சிஏஏ உறுப்புக் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஆசிரியர் ஒருவர் அந்தப் பொறுப்பில் இருந்தாக வேண்டும்.) அன்றிலிருந்து இருக்கிறேன்.

இப்போது எங்கள் ஏ.டி. ஓய்வு பெறுகிறார். தேர்வுக் குழுவில் ஒன்பது பேர், நானும் ஒருத்தி. கல்லூரி அமர்த்திய தேர்வு நிறுவனம் ஆறு பேரைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறது. ஐந்து பேர் வெள்ளைக்கார ஆண்கள். ஆறாவது ஒரு கறுப்பினப் பெண். ட்ராக் கோச்சாகத் தொடங்கி, இன்னொரு கல்லூரியில் டெபுடி ஏ.டி.யாக இருப்பவர். காகிதத்தில் பார்த்தால் ஆறு பேரில் மூன்றாவது இடத்துக்குக் குறையாமல் வருவார். ஆனால் முதல் கூட்டத்தில் அவர் பெயர் வந்ததும் இரண்டே வாக்கியம்தான் பேசினார்கள். "ஃபுட்பாலை மேற்பார்வை பார்த்த அனுபவம் இல்லையே" என்று ஒன்று. "நம் கல்லூரிக்குப் பொருந்துவாரா என்று பார்க்கணும்" என்று இன்னொன்று. அப்புறம் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இவர்களோடு இருபது வருடம் பழகியவள் நான். அதனாலேயே எனக்குத் தொண்டையில் நின்றது.

கூட்டம் முடிந்து ஜிம் நடைபாதை வழியாகத்தான் வெளியே வந்தேன். அங்கே பழைய படங்கள் மாட்டியிருக்கும். கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்மணி, கழுத்தில் விசில், கையில் ஹாக்கி மட்டை. கீழே "பெண்கள் விளையாட்டுத் துறைத் தலைவர், 1958–1979" என்று பித்தளைத் தகடு. அவருக்கு அப்புறம் வரிசையாக எல்லாம் ஆண்கள். இருபத்திரண்டு வருடம் அந்த வழியாக நடந்திருக்கிறேன், அன்றுதான் நின்று படித்தேன். பெண்களுக்கு உரிமை வந்த பிறகு பெண் தலைவரே இல்லாமல் போனது எப்படி?

வியாழக்கிழமை அடுத்த கூட்டம். அவருக்காகப் பரிதாபப்பட்டுப் பேசுவதாகவோ, எண்ணிக்கைக்காகக் கேட்பதாகவோ ஆகிவிடக் கூடாது. அது அவருக்கே அவமானம். ஆனால் பேசாமலும் இருக்க முடியாது. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

எரிக்கரை முருகன் எழுதியது:

வணக்கம் மேடம். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பையன் கல்லூரியில் க்ராஸ் கன்ட்ரி ஓடுகிறான். அவனுக்கு வருகிற ஏ.டி. ஆணா பெண்ணா, என்ன நிறம் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வேலை தெரிந்தவராக இருந்தால் போதும். காலேஜ் அட்மிஷனில் இனம் பார்ப்பது கூடாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நம் வீடுகளில் எத்தனை பேர் நிம்மதியானோம்? அதே நியாயம் இங்கேயும் வேண்டாமா?

திறமை இருந்தால் மேலே வரலாம் என்பதற்கு நம் ஒஹாயோவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஜீன் ஸ்மித் க்ளீவ்லேண்டில் வளர்ந்த கறுப்பினத்தவர், 2005 முதல் 2024 வரை ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஏ.டி. பேட் சன் கொரியப் பெற்றோரின் பிள்ளை, எங்கள் பக்கத்து ஊர் ஸ்ட்ராங்ஸ்வில்காரர். 2018-ல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஏ.டி. ஆனார், இப்போது யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டனில். பெரிய கான்ஃபரன்ஸ்களில் (தங்களுக்குள் போட்டி ஆடும் கல்லூரிக் கூட்டமைப்புகள்) ஏ.டி. ஆன முதல் ஆசிய அமெரிக்கர் அவர்தான். யாரும் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கவில்லையே.

அந்தப் பெண்மணிக்குத் தகுதி இருந்தால் அதைச் சொல்லுங்கள். அவர் பெண், கறுப்பினத்தவர் என்பதைப் பேச்சிலேயே எடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

---

விசில் எழுதியது:

பொருநைக்காரி அக்கா, நான் முதல் டிவிஷன் பல்கலைக்கழகம் ஒன்றில் பதினொரு வருடம் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில், அதாவது விளையாட்டுத் துறை விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பிரிவில், வேலை பார்த்தேன். ஏழு தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்ட அந்த நடைபாதைப் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிற டைட்டில் நைன் 1972 ஜூன் 23-ல் சட்டமானது. அந்தக் காலத்தில் பெண்கள் அணிகளைப் பெண்கள்தான் நடத்தினார்கள். அவர்களுக்கென்று ஏஐஏடபிள்யூ என்று தனிச் சங்கமே இருந்தது, கோப்பைப் போட்டிகள் எல்லாம் அதன் கீழ். பணம் சொற்பம், ஆனால் முடிவு அவர்கள் கையில். சட்டம் வந்து பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் வரத் தொடங்கியதும் 1981–82-ல் என்சிஏஏ பெண்களுக்கான போட்டிகளையும் எடுத்துக்கொண்டது. 1982-ல் ஏஐஏடபிள்யூ கதவை மூடியது. கல்லூரிகளிலும் அதே கதை. இரண்டு துறையையும் ஒன்றாக்கினார்கள், ஆண்கள் துறையின் தலைவர் மொத்தத்துக்கும் தலைவர் ஆனார், பெண்கள் துறையின் தலைவர் அவருக்கு உதவியாளர் ஆனார், இல்லையென்றால் ஓய்வு பெற்றுப் போனார். உங்கள் பித்தளைத் தகட்டில் 1979 என்று இருப்பதைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ப்ரூக்ளின் காலேஜைச் சேர்ந்த விவியன் அகோஸ்டா, லிண்டா கார்பென்டர் என்ற இரண்டு பேராசிரியைகள் பல வருடம் இதைக் கணக்கெடுத்தார்கள். 1972-ல் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண் கோச்சுகள். 2014-ல் 43 சதவீதம். விளையாடுகிற பெண்கள் பல மடங்கு பெருகினார்கள், அவர்களை வழிநடத்துகிற பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. விலக்கும் உண்டு. ஜூடி ஸ்வீட் 1975-லேயே யூசி சான் டியாகோவில் ஆண், பெண் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஏ.டி. ஆனார். 1991-ல் என்சிஏஏ-வின் முதல் பெண் தலைவரும் ஆனார்.

இப்போது உங்கள் கூட்டத்தில் சொன்ன முதல் வாக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. "ஃபுட்பால் மேற்பார்வை இல்லை." அக்கா, அந்த வேலையை அவருக்கு யாராவது கொடுத்தார்களா என்று கேளுங்கள். நான் பார்த்த ஆபீஸ்களில் எல்லாம் அசோசியேட் ஏ.டி.க்களுக்கு அணிகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆண்களுக்கு ஃபுட்பால், ஆண்கள் பாஸ்கெட்பால், நன்கொடை திரட்டுவது. பெண்களுக்கு சாஃப்ட்பால், நீச்சல், மாணவர் நலன், கம்ப்ளையன்ஸ். என்சிஏஏ-வில் சீனியர் உமன் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒரு பட்டமும் உண்டு, துறை நிர்வாகத்தில் இருக்கிற பெண்களில் மூத்தவருக்கு. நல்ல எண்ணத்தில் வைத்தது. ஆனால் அது வெறும் பெயராக இருக்கிற இடங்களில் அவரைப் படம் எடுக்கும்போது கூப்பிடுவார்கள், பட்ஜெட் பேசும்போது கூப்பிட மாட்டார்கள். பத்து வருடம் கழித்து ஏ.டி. வேலைக்கு விண்ணப்பித்தால் "உங்களுக்கு ஃபுட்பால் தெரியுமா, நிதி திரட்டியது உண்டா" என்பார்கள்.

முருகன் சார் பேட் சன் பெயரைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அவர் ஒஹாயோ ஸ்டேட்டில் இன்டர்னாக நுழைந்து அங்கேயே பதினைந்து வருடம் இருந்தவர். நிதி திரட்டும் பிரிவின் பெரிய பொறுப்பை அவரிடம் நம்பிக் கொடுத்தார்கள். அப்போது அங்கே ஏ.டி. யார்? ஜீன் ஸ்மித். திறமை அவருடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. அந்தத் திறமையைக் காட்டக்கூடிய நாற்காலியில் ஒருவர் உட்காரவைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கார்லா வில்லியம்ஸும் அப்படித்தான். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பாஸ்கெட்பால் ஆடி, அங்கேயே துணைக் கோச்சாகி, படிப்படியாக டெபுடி ஏ.டி. வரைக்கும் போனார். 2017-ல் விர்ஜினியா அவரை ஏ.டி. ஆக்கியது. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண். இரண்டு வருடத்துக்குள், 2019-ல், விர்ஜினியா ஆண்கள் பாஸ்கெட்பாலில் தேசியக் கோப்பையை வென்றது. பெண் ஏ.டி.யின் கீழ் ஆண்கள் அணி என்ன ஆகுமோ என்று யாராவது முனகினால் இதை எடுத்து வையுங்கள்.

விதிகளைப் பற்றி. 2009-ல் ஒரெகான் ஒரு சட்டம் போட்டது: அரசுப் பல்கலைக்கழகங்கள் தலைமைக் கோச்சையோ ஏ.டி.யையோ எடுக்கும்போது சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டும். 2020-ல் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் "ரஸ்ஸல் விதி" கொண்டுவந்தது. பில் ரஸ்ஸல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்காக 1955, 1956 இரண்டு கோப்பை வாங்கிக்கொடுத்தவர், அவர் பெயரில். ஏ.டி.யிலிருந்து முழுநேரத் துணைக் கோச் வரை, எந்த வேலையானாலும் இறுதிப் பட்டியலில் இதுவரை இடம் கிடைக்காத பிரிவினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. கவனியுங்கள், யாரை எடுக்க வேண்டும் என்று இரண்டுமே சொல்லவில்லை.

முருகன் சாரின் கவலையில் சட்டப்படி ஒரு நியாயம் உண்டு. 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாவது டைட்டில்படி, இனத்தையோ பாலினத்தையோ காரணமாக வைத்து ஒருவரை வேலைக்கு எடுக்கவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. அரசுக் கல்லூரிகளில் டைவர்சிட்டி பெயரில் நடந்த வேலைகளை ஒஹாயோவின் செனட் மசோதா 1 நிறுத்திவிட்டது, 2025 மார்ச்சில் கையெழுத்தானது. உங்களுடையது தனியார் கல்லூரி, அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. இருந்தாலும் "பெண் என்பதால் எடுப்போம்" என்று குழுவில் வாய்திறக்கவே வேண்டாம். தேவையும் இல்லை. வேலைக்கு வேண்டியதைச் சரியாக எழுதி, எல்லோரையும் அதே தராசில் நிறுக்கச் சொல்லுங்கள், போதும்.

வியாழக்கிழமைக்கு நான் என்றால் இதைச் செய்வேன். "பொருந்துவாரா" என்ற சொல்லைத் தாளில் இருந்தே எடுக்கச் சொல்வேன். அதற்குப் பதில் அது என்ன என்று எழுதச் சொல்வேன்: நன்கொடையாளர்களிடம் பேசுவதா, ஆசிரியர்களோடு ஒத்துப்போவதா, பிள்ளைகள் நம்பி வருவார்களா? எழுதினால் மதிப்பெண் போடலாம். எழுத முடியவில்லை என்றால் அது தகுதியே இல்லை. ஃபுட்பால் வரியை "பல அணிகளின் பட்ஜெட், கோச் நியமனம், பாதுகாப்பு ஆகியவற்றை நேரடியாக நிர்வகித்த அனுபவம்" என்று மாற்றக் கேட்பேன். அப்புறம் தேர்வு நிறுவனத்திடம் ஒரு கேள்வி: இந்த ஆறு பேரை எங்கிருந்து எடுத்தீர்கள், யார் யாருக்கு நீங்களாகப் போன் செய்து விண்ணப்பிக்கச் சொன்னீர்கள்? பதில் சொல்லத் திணறுவார்கள். பெரும்பாலும் போன முறை வேறு கல்லூரிக்கு அனுப்பிய அதே பெயர்களாக இருக்கும்.

இன்னொன்று, இது உங்களுக்கு மிகவும் பயன்படும். 1994-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறுகிற, ஆண் பெண் சேர்ந்து படிக்கிற, விளையாட்டு அணிகள் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் வருடா வருடம் விளையாட்டுக் கணக்கை வெளியிட வேண்டும், ஈ.ஏ.டி.ஏ. அறிக்கை என்போம். மத்தியக் கல்வித்துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆண்கள் அணிக்கு எவ்வளவு, பெண்கள் அணிக்கு எவ்வளவு, தலைமைக் கோச்சுகளில் ஆண் பெண் எத்தனை, சராசரிச் சம்பளம் என்ன, எல்லாம் இருக்கும். உங்கள் கல்லூரிக்கும், அந்த அம்மா வேலை பார்க்கும் கல்லூரிக்கும் ஐந்து வருடத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் அங்கே என்ன செய்தார் என்பது அதிலேயே தெரியலாம்.

---

ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர் எழுதியது:

மகளே, நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவள். இப்போது சின்சினாட்டியில் மகள் வீட்டில். பேத்தி சாஃப்ட்பால் ஆடுகிறாள், எல்லா ஆட்டத்துக்கும் போகிறேன்.

எனக்கு இந்த ஊர்ச் சட்டம் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெண்கள் கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. பிறகு சில வருடம் ஆண் பெண் சேர்ந்து படிக்கும் ஒரு கல்லூரிக்குப் போனேன். சம்பளம் அதிகம், பதவிப் பெயரும் பெரிது. சாவி மட்டும் ஆண்கள் பிரிவு சாரிடம். தினமும் நாலரை மணிக்கு ஹாக்கிப் பந்துக்காக அவர் மேஜை முன்னால் போய் நிற்பேன். நல்ல மனுஷன், தராமல் இருந்ததில்லை. ஆனால் அவர் லீவு போட்ட அன்று என் பிள்ளைகள் ஆடியதில்லை.

அந்த அம்மா வந்தால் "உங்களால் சமாளிக்க முடியுமா" என்று கேட்கவிடாதீர்கள். "நீங்கள் எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள், எது உங்கள் முடிவு" என்று கேளுங்கள். ஆறு பேரிடமும் அதையே கேளுங்கள். ஆண்களில் இரண்டு பேர் திகைப்பார்கள், பாருங்கள்.

---

எரிக்கரை முருகன் எழுதியது:

விசில் அவர்களுக்கு: அந்த ஃபுட்பால் வரி விஷயம் நான் யோசிக்காதது. ஒத்துக்கொள்கிறேன். என் ஆபீஸிலும் "க்ளையன்ட்டை நேரடியாகப் பார்த்த அனுபவம் இல்லை" என்று சொல்லி என் பிரமோஷனை இரண்டு முறை தள்ளினார்கள், என்னை க்ளையன்ட் மீட்டிங்குக்கே அனுப்பாமல். இறுதி முடிவில் நிறம் வரக் கூடாது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். அதற்கு முன்னால் தராசைச் சரிசெய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

---

பொருநைக்காரி எழுதியது:

கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி, டீச்சரம்மாவுக்கு விசேஷமாக.

ஈ.ஏ.டி.ஏ. கணக்கை இரண்டு இரவு உட்கார்ந்து எடுத்தேன். எங்கள் பெண்கள் அணிகள் பத்தில் பெண் தலைமைக் கோச்சுகள் மூன்றே பேர். அவர் இருக்கும் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது நான்கு, இப்போது ஏழு. பெண்கள் அணிகளுக்கான செலவும் அங்கே வருடா வருடம் ஏறியிருக்கிறது. இனம், பாலினம் என்று ஒரு வார்த்தை நான் பேசவில்லை. இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இவர் கோச்சுகளை எப்படித் தேடிப் பிடித்தார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது, நமக்கு அது தெரியவில்லையே" என்றேன்.

"பொருந்துவாரா" என்பதை எழுதச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு குழுத் தலைவரே போர்டில் நான்கு வரி எழுதினார். நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. ஃபுட்பால் வரியை மாற்றலாம் என்று முதலில் சொன்னவர் குழுவில் இருக்கும் ஃபுட்பால் கோச். "என்னை மேற்பார்வை பார்க்க ஃபுட்பால் தெரிய வேண்டியதில்லை. என் பிள்ளைகள் தலையில் அடிபட்டு விழுந்தால் டாக்டர் பக்கம் நிற்பவராக இருக்க வேண்டும், என் பக்கம் அல்ல" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வு நிறுவனத்திடம் விசில் சொன்ன கேள்வியைக் கேட்டோம். விண்ணப்பத்தை இன்னும் இரண்டு வாரம் திறந்துவைக்க ஒப்புக்கொண்டார்கள். திருத்திய விளம்பரத்தோடு புதிதாகப் பதினாறு பேர் வந்தார்கள். அவர்களில் இருவரைச் சேர்த்து எட்டுப் பேரிடம் போனில் பேசிவிட்டோம். டீச்சரம்மாவின் கேள்வியை எட்டுப் பேரிடமும் கேட்டோம். ஒருவர் பத்து நிமிடம் பேசினார், அவர் கையெழுத்தில் நடந்தது என்று ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா மூன்று சொன்னார். அதில் ஒன்று, இரவு பத்து மணிக்கு மேல் திரும்ப வேண்டிய ஆட்டம் எதுவானாலும், எந்த அணியானாலும், அங்கேயே தங்க வேண்டும் என்று போட்ட உத்தரவு. அதற்குப் பணம் எங்கிருந்து எடுத்தார் என்றும் கணக்கோடு சொன்னார்.

மூன்று பேரைக் கல்லூரிக்கு அழைத்திருக்கிறோம். அவர் ஒருவர், புதிதாக வந்தவர்களில் ஒருவர், முதல் பட்டியலில் இருந்த ஒருவர். யாருக்குக் கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. முதல் பட்டியலில் இருந்து வருகிறவரும் உண்மையிலேயே நல்லவர், கெட்டிக்காரர்.

ஒவ்வொருவரையும் ஒரு மணி நேரம் மாணவர்களோடு தனியாக உட்காரவைக்கப் போகிறோம், கோச்சுகள் இல்லாமல். பிள்ளைகள் என்ன கேட்டால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். முதல் ஆள் செவ்வாய்க்கிழமை வருகிறார், திங்கள் சாயங்காலத்துக்குள் கிடைத்தால் போதும்.